வாசமில்லாத பெயிண்ட்

என் முகத்தைப் பார்த்து முதலில் அருவருப்பு அடைந்தது நான்தான். மற்றவர்களைப் பிறகு சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினாறாம் நாள் காலை, குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான் இருந்தன. இமைகள் பூரி மாதிரி உப்பியிருந்தன. கன்னமும் கழுத்தும் சிவந்து, தாடை ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றைத் தொட்டேன். உடைந்து மஞ்சளாக நீர் வழிந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தேன், மறுபடியும் குமட்டியது.

இதை எழுதச் சொன்னவர் மதுரையில் எனக்குப் பரிசோதனை செய்த தோல் டாக்டர். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் என்ன ஏதென்று தெரியாமல் முகம் வீங்கிப் படுத்துக் கிடக்கிறார்களோ, பவித்ரா, நீ படித்த பெண்தானே, எழுதேன் என்றார். நான் எழுத உட்கார்ந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அப்பா கத்தரியும் முருங்கையும் போடுகிறார். என்னைக் கட்டிக்கொடுத்தது திண்டுக்கல் டவுனில், பெயிண்ட்டும் ஹார்டுவேர் சாமானும் விற்கிற ஒரு குடும்பத்தில். கல்லாவில் உட்காருவது மாமனார். கலர் கலக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வது என் கணவர் சரவணன், வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்யாணத்துக்கென்று மாடியில் புதிதாக ஒரு அறை கட்டி, ஏ.சி. மாட்டி, மாமாவே பக்கத்தில் நின்று பெயிண்ட் அடிக்க வைத்திருந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்புதான் கடைசிக் கோட்டிங் முடிந்தது. நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போன அன்று, மாமா எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியபோது முதலில் காட்டியது அந்தச் சுவரைத்தான்.

"கடையிலயே ஒசந்த சரக்கும்மா. மோந்து பாரு, வாசமே வராது."

நானும் மருமகள் பவ்யத்தோடு சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். வாசம் வரவில்லைதான். மாமாவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

முதல் வாரமே கண் ஓரம் அரித்தது. புது இடம், புதுத் தண்ணீர், பழகிவிடும் என்றார்கள். மறுவீட்டுக்கு ரெட்டியார்சத்திரம் போய் நான்கு நாள் இருந்தபோது அரிப்பு போன இடம் தெரியவில்லை. அம்மா வீட்டுத் தண்ணீர்தான் இவளுக்கு ஒத்துக்கொள்கிறது போல என்று அத்தை, என் மாமியார், சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. திரும்பி வந்து, ஏ.சி. காற்று வீணாகாமல் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு தூங்கினோம். ஐந்தாம் நாள் விடிந்தபோதுதான் மேலே சொன்ன முகம்.

அத்தை என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, ஆத்தா வந்திருக்கிறாள் என்றார். அம்மை என்று முடிவாகிவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பது நின்றது. சரவணனைக் கீழே படுக்கச் சொன்னார்கள். என்னை மாடி அறையில் விட்டு, வெளிக்காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். கூழும் இளநீரும் வாசற்படியில் வரும். வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மைக்கு மருந்து பார்த்தால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், அதனால் டாக்டர் என்ற பேச்சே எழவில்லை. எது என்னை வீங்க வைத்ததோ அதற்குள்ளேயே என்னை மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. நானும் அதைத்தான் நம்பினேன். வேப்பிலையை அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தேன். மூன்று வயதுக் குழந்தைகள். மூக்கைத் துடை, வாயைத் துடை, பின்பக்கம் துடை என்று நாள் முழுக்க ஈர டிஷ்யூவும் கையுமாகத்தான் நிற்க வேண்டும். இரண்டாம் வருடம் என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்தது. அம்மா யாருக்கும் தெரியாமல் ஒட்டன்சத்திரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் அலர்ஜி என்று களிம்பு எழுதினார். சம்பந்தம் பேச ஆரம்பித்ததும் அம்மா வேலையை விடச் சொன்னார். விட்ட ஒரு மாதத்தில் கை பழையபடி ஆகிவிட்டது. சரியாகிப் போனதைப் போய் எதற்குச் சொல்லிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிரு என்றார். மூடிக்கொண்டேன். பெண் பார்க்க வந்த அன்று என் கையைப் பிடித்துப் பார்த்த அத்தை, பூ மாதிரி இருக்கிறது என்றபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்த முதல் தருணம் அது, கண்ணாடிக்கும் முந்தியது.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். அம்மை கண்ட வீட்டுக்குள் போகக்கூடாது என்று அம்மா தடுத்தும் கேட்காமல் வந்திருந்தார். மாடிக்கு ஏறி வந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முழங்கைக்கு மேலே சட்டையை விலக்கிப் பார்த்தார். கீழே போய் மாமாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"இது அம்மை இல்ல சம்பந்தி. அம்மைன்னா முத்து ஒடம்பு பூராவும்ல இருக்கும். துணி மூடுன எடத்துல ஒன்னையும் காணோம். மருந்தடிக்கையில காத்துல பட்ட எடம் மாதிரி இருக்கு."

வயலில் மருந்து தெளித்துப் பழகிய மனிதர். அன்று அந்த ஒரு வார்த்தையை யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்குப் பாதித் துன்பம் குறைந்திருக்கும். யாரும் யோசிக்கவில்லை. ஆத்தாவைச் சந்தேகப்படுகிறாரே என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா ஆட்டோவைக் கூட்டி வந்து என்னை ஏற்றினார்.

பழனி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. டோக்கன் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி ஐந்து நாற்காலிகள் காலியாகிவிட்டன. நின்றுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அப்பா மட்டும் என்னை ஒட்டி உட்கார்ந்து, ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். தோல் டாக்டர் அம்மா சாயங்காலம் வந்தார். பார்த்த மாத்திரத்தில் அம்மை இல்லை, கடுமையான அலர்ஜி என்றார். கையில் ஊசி குத்தி ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஸ்டீராய்டு என்றால் ஜிம்முக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். டாக்டர் சொன்னது வேறு. நம் உடம்பு தனக்குப் பிடிக்காத ஏதோ ஒன்றைப் பார்த்து எதிரி என்று மிரண்டு அடிக்கிறது, அந்த அடி நம் தோலிலேயே விழுகிறது, அந்த மிரட்சியை இந்த மருந்து அடக்கும். ஆனால் எதைப் பார்த்து மிரண்டது என்று கண்டுபிடிக்காவிட்டால் மருந்தை நிறுத்தியதும் திரும்ப வரும் என்றார்.

அதனால் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தலைக்கு டை போட்டாயா, புது நகையா, என்ன பவுடர், என்ன குங்குமம். கடைசியில் கேட்டார், இதற்கு முன் எப்போதாவது தோலில் இந்த மாதிரி வந்திருக்கிறதா என்று. கட்டிலின் கால்மாட்டில் அத்தை நின்றார். தலைமாட்டில் அம்மா நின்றார். இல்லை என்றேன். டாக்டர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் காரணம் கண்டுபிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். கருவாடு என்றார் ஒருவர். இறால் என்றார் இன்னொருவர். அத்தை யோசித்துப் பார்த்து, கத்தரிக்காய் என்றார். கத்தரிக்காய் கரப்பான் காய், சொறி சிரங்கைக் கிளப்பும், அது இவள் உடம்பில் சின்ன வயதிலிருந்தே ஏறியிருக்கிறது என்று அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார். இருபது வருடமாகக் கத்தரி போட்டு என்னைப் படிக்க வைத்த மனிதர் அப்போது எனக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். கண் திறக்க முடியாததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. இட்லி மட்டும் கொஞ்ச நேரம் வாய்க்கு வரவில்லை.

நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. சரவணன் தினமும் கடை சாத்தியதும் பிளாஸ்கில் பால் கொண்டு வருவார். வாசலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார். என் கையைத் தொடவில்லை. அவர் அம்மா தொடக்கூடாது என்றிருப்பார், இவரும் சரி என்றிருப்பார். பால் மட்டும் நன்றாகச் சூடாக இருக்கும்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா காரில் வந்து அழைத்துப் போனார். வழியெல்லாம் உற்சாகமாக இருந்தார். வீட்டில் எனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருப்பதாகச் சொன்னார். மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்து காட்டினார். அறை முழுக்கப் புதுப் பெயிண்ட். நோய் கிடந்த அறை சுத்தமாக வேண்டும் என்று அத்தை சொல்ல, மாமா கடையிலிருந்து கிருமி அண்டாத பெயிண்ட் என்று விளம்பரம் செய்கிற ரகத்தை இறக்கி, இரண்டு கோட்டிங் அடிக்க வைத்திருக்கிறார். முந்தின நாள்தான் முடிந்ததாம். தூசி படாமல் காய வேண்டும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். மற்ற வீட்டில் நோய் வந்தால் கழுவி விடுவார்கள், மஞ்சள் நீர் தெளிப்பார்கள். பெயிண்ட் கடை வீட்டில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். என்னைத் தொடக் கூசியவர்கள் எனக்காக இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்தது. அன்று அந்தச் சுவருக்கு ஒரு கும்பிடு போட்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மத்தியானத்துக்குள் கண் மூடிவிட்டது. அதற்கு அடுத்த நாள் காதுக்குப் பின்னால், கழுத்தில், கைகளில் எல்லாம் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விடும்போது நெஞ்சு இறுக்கியது. இந்தத் தடவை அம்மை என்று யாரும் சொல்லவில்லை, சரவணனே ஆட்டோ பிடித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது முறை படுத்திருந்தது ஒன்பது நாள். அதை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்காது. கொப்புளங்கள் உடைந்து, காய்ந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி, அதற்குள் சீழ் பிடித்துவிட்டது. தலையணை உறையில் கன்னம் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் பொருக்கு உறையோடு பிய்ந்து வரும். என் மேல் ஒரு வாடை அடித்தது. புளித்துப்போன நீராகாரத்தை நாலு நாள் மூடி வைத்துத் திறந்த மாதிரி. கூட்ட வந்த பெண் என் கட்டிலுக்குக் கீழே மட்டும் கூட்டாமல் போவாள். நர்ஸ் ஒருத்தி இருந்தாள், நிலக்கோட்டைக்காரி, என் வயதுதான் இருக்கும். அவள் ஒருத்திதான் முகத்தைத் திருப்பாமல் வேலை பார்த்தாள். உப்பு நீரில் நனைத்த துணியை என் முகத்தில் பத்து நிமிடம் போட்டு வைத்து, பொருக்கை ஊற வைத்து, வலிக்காமல் எடுப்பாள். நான் சொறிந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து பத்து விரல் நகத்தையும் வெட்டிவிட்டாள். உனக்கு அசிங்கமாக இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று பொய் சொல்லவில்லை அவள். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அதற்காக விட்டுவிட முடியுமா என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவள்தான்.

அத்தை தன் டம்ளரைத் தானே கொண்டு வருவார். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் டாக்டர் வந்தபோது உள்ளே வந்து கேட்டார். இது ஒட்டுமா, பிறக்கிற பிள்ளைக்கு வருமா, அப்படி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா. நான் கட்டிலில் கிடக்கிறேன். கடையில் வாங்கிய மிக்ஸிக்கு வாரண்டி கேட்கிற மாதிரி கேட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரில நாலு நாள்ல சரியாகுது, வீட்டுக்குப் போன மறுநாளே வருது. போன தடவ கேட்டேன், இல்லன்னு சொன்ன. நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?"

யோசிக்க ஒன்றுமில்லை. சொன்னால் என் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் என் முகம் போய்விடும். அம்மா என் போர்வையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற மாதிரி. எனக்குத் திடீரென்று எல்லாமே அருவருப்பாக இருந்தது. என் வாடை, அம்மாவின் விரல், அத்தையின் டம்ளர், இல்லை என்று நான் சொன்ன அந்தப் பழைய பொய், அது தாளில் டாக்டர் கையெழுத்தில் இருப்பது. வந்திருக்கிறது டாக்டர் என்றேன். பள்ளிக்கூடம், ஈர டிஷ்யூ, ஒட்டன்சத்திரம், களிம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா போர்வையை விட்டுவிட்டார். அத்தை சம்பந்தியம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

டாக்டருக்கு அதொன்றும் கண்ணில் படவில்லை. ஈர டிஷ்யூ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அது போலத் தண்ணீர் கலந்த பொருள், பாட்டிலிலோ டப்பாவிலோ வருவது, இந்த ஒரு மாதத்தில் புதிதாக வீட்டுக்குள் என்ன வந்தது என்று கேட்டார். ஷாம்பு, கை கழுவும் திரவம் என்று நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். எல்லாம் அம்மா வீட்டிலும் இருந்ததுதான். வாசலோர நாற்காலியிலிருந்து சரவணன்தான் சொன்னார், அவ்வளவு மெதுவாக.

"பெயிண்ட் அடிச்சோம் டாக்டர். ரெண்டு தடவ."

தண்ணீர் கலந்த எந்தப் பொருளையும் டப்பாவில் அடைத்து வைத்தால் கெட்டுப்போகும். உள்ளே பூஞ்சையும் கிருமியும் வளரும். நம் வீட்டில் மாவு பொங்கி நாறுகிற மாதிரித்தான். அப்படிக் கெடாமல் இருக்கக் கொஞ்சமே கொஞ்சம் ஒரு ரசாயனத்தைப் போடுகிறார்கள். மெத்தில் ஐசோதயசோலினோன் என்று பெயர். ஈர டிஷ்யூவில் இருக்கும், சில ஷாம்புவில் இருக்கும், சுவருக்கு அடிக்கிற தண்ணீர் பெயிண்ட்டில் இருக்கும். அது விஷம் இல்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. சிலர் தோல் மட்டும் அதைத் தொட்டுத் தொட்டு ஒரு நாள் பகைத்துக்கொள்ளும். பகைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் பகைதான். பிறகு தொடக்கூட வேண்டாம், காய்கிற சுவரிலிருந்து காற்றில் கிளம்பி வருகிற அளவே போதும், வாரக்கணக்கில் வரும். எனக்குப் பகை பள்ளிக்கூடத்தில் உண்டானது. அதை மறைத்து வைத்துக்கொண்டு, வாசமில்லாத அறைக்குள் வலது காலை எடுத்து வைத்திருக்கிறேன்.

மாமா இதை நம்பவில்லை. முப்பது வருடமாகப் பெயிண்ட்டிலேயே புழங்குகிறோம், எங்கள் யாருக்காவது மூஞ்சி வீங்கியதா என்று கேட்டார். கேட்டவர் முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. மறுநாள் சரவணன் பெயிண்ட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் தருகிற ஒரு தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக் கொண்டு வந்து டாக்டரிடம் நீட்டினார். அதில் பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. மாமாவுக்குத் தெரியாமல் கொண்டு வந்திருந்தார்.

உறுதி செய்ய ஒரு பரிசோதனை இருக்கிறது, பேட்ச் டெஸ்ட். தோல் ஆறி, மாத்திரையெல்லாம் நின்ற பிறகுதான் செய்ய முடியும். அதுவரை அம்மா வீட்டில் இருந்தேன், ஒரு பொட்டு அரிப்பு இல்லை. மதுரையில் செய்தார்கள். பல பொருள்களில் துளித் துளி எடுத்துக் குட்டிக் கிண்ணங்களில் வைத்து, முதுகில் வரிசையாக பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பேனாவால் எண் போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் பிரிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் வேர்க்கக் கூடாதாம். அப்பா ஃபேனுக்கு நேரே கட்டிலைப் போட்டு, சணல் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டார். அழுக்கும் கசகசப்புமாகக் குப்புறக் கிடந்தேன். இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தார்கள், நான்காம் நாள் மறுபடி பார்த்தார்கள். முதுகு முழுக்க வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாணயம் அளவுக்குச் சிவந்து, மேலே கொப்புளம். டாக்டர் அந்த எண்ணைத் தாளில் தேடி, அந்தப் பெயரைக் காட்டினார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. எவ்வளவு சின்ன இடம் என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் சரவணனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழம், பூ, ஸ்வீட் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு. சண்டைக்கு வருவார்கள் என்று அம்மா மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தார். மாமா சண்டை போடவில்லை, உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"பொண்ணுக்கு முன்னாடியே இருந்தத நீங்க சொல்லல. சரி, நாங்க அத இனிமே கேக்க மாட்டோம். அதே மாதிரி, பெயிண்ட்டாலதான் இப்படி ஆச்சுன்னு வெளிய ஒரு வார்த்த வரக்கூடாது. யாரு கேட்டாலும் கத்தரிக்கா ஒத்துக்கலன்னு சொல்லிக்குவோம். மாடி ரூம நான் சுரண்டிட்டுச் சுண்ணாம்பு அடிச்சுத் தாரேன். பவித்ராவ அனுப்பி வைங்க."

அம்மா முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. சரிங்க சம்பந்தி, சரிங்க சம்பந்தி என்று இரண்டு தடவை சொன்னார். அத்தை பூவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். பழி அவர் வயலில் வந்து விழுந்திருக்கிறது, மகள் வாழ்க்கைக்காக அதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டார். சரவணன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி அணைந்துதான் இருந்தது. என் முகத்தில் சீழ் வடிந்த நாட்களில்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. எவ்வளவு அழகாக, எவ்வளவு மரியாதையாக, ஒரு பொய்க்கு ஒரு பொய் சரியாகப் போய்விட்டது.

"மாமா, ஒரு தடவ மறைச்சதுக்குத்தான் ரெண்டு தடவ ஆஸ்பத்திரில கெடந்தேன். அத மறைச்சது தப்பு, ஒங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இன்னொரு தடவ மறைக்க என்னால ஆகாது. கேக்கறவங்ககிட்ட பெயிண்ட்டுன்னுதான் சொல்லுவேன்."

யாரும் கத்தவில்லை. அப்படியானால் இங்கேயே இருக்கட்டும் என்று அத்தை எழுந்தார். மாமா தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார். கார் கிளம்பிய பிறகு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை. அப்பா அன்று சாயங்காலம் வயலிலிருந்து கத்தரிக்காய் பறித்து வந்து, குழம்பு வை என்றார். வைத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது முகம் பழையபடி இருக்கிறது, தாடையில் மட்டும் ஒரு கருந்திட்டு. எதை வாங்கினாலும் பின்னால் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறேன், மளிகைக் கடைக்காரர் என்னைக் கண்டாலே சலித்துக்கொள்கிறார்.

சரவணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். அன்று கடைப் பக்கம் போகாமல், தலை குளித்து, இதற்கென்றே தனியாக வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், யாரும் சொல்லாமலே. அன்று மாமாவிடம் மறைக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றவும்தான் இதை எழுதுகிறேன். அதைக் கேள்விப்பட்டு, எழுது, கடைப் பேரை மட்டும் போடாதே என்றார். போடவில்லை. பிறகு கொஞ்சம் பெருமையோடு ஒன்று சொன்னார். பெயிண்ட் வாங்க வருகிறவர்களிடம், அடித்ததும் சில வாரம் ஜன்னலைத் திறந்து போடுங்கள், கண் அரித்தால் டாக்டரிடம் பெயிண்ட்டைச் சொல்லுங்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்திருக்கிறாராம். மாமா ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் சொல்கிறேன் என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெறுப்பும் வந்தது. நல்ல மனிதர்தான். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்து நல்ல மனிதர். அப்படிப்பட்டவரோடு ஒரு அறையில் வாழ முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, சுவர் சுண்ணாம்பாகவே இருந்தாலும்.

"மாமா கல்லாவுல உக்காந்திருக்கும்போது ஒரே ஒரு தடவ சொல்லுங்க. சொன்ன அன்னைக்கே நான் பஸ் ஏறி வாரேன்."

அவர் என் கையை விட்டுவிட்டு எழுந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, சொல்லிவிட்டாரா என்று அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். இன்னும் சொல்லவில்லை.